விதானையாரின் முகநூல் இடாப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் முகநூல் பார்க்காத மனிதர் அநேகமாக இல்லை. ஆனால் முகநூலை வீட்டிலக்கம் போட்டு, சி.ஆர். என்கிற தடித்த அட்டைக் கொப்பியில் கோடு கீறி, குடும்பம் குடும்பமாக எண்ணி முடித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஒழுங்கை விதானையார். இதை நான் அடித்துச் சொல்வேன். அந்தக் கணக்கெடுப்பு நடந்த நாற்பத்து மூன்று நாளும் அவருக்குப் பக்கத்தில் இருந்து பெயர்களை வாசித்துக் கொடுத்தவன் நான்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. முப்பத்திரண்டு வருடம் எங்கள் கிராமத்தின் அலுவலராக இருந்ததில் அது தேய்ந்து மறைந்துவிட்டது. அரசாங்கம் அந்தப் பதவிக்கு எத்தனை பெயர் மாற்றி வைத்தாலும் எங்கள் சனத்துக்கு அது விதானைதான். ஓய்வு பெற்றுப் பதினாலு வருடமாகியும் அவர் விதானையார். அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் புது விதானை.

நான் அவருக்குப் பக்கத்து வீடு. பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கிற உத்தியோகம். இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதி வருகிறேன். ஆகையால் இதில் வரும் நேரங்கள் எல்லாம் சரியானவை. ஆட்கள் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

எண்ணாமல் இருக்க விதானையாரால் முடியாது. கலியாண வீட்டில் எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க, அவர் பந்தலைப் பார்ப்பார். "பன்னிரண்டாம் இலக்கத்திலையிருந்து நாலு பேர் வந்திருக்கினம். மூத்தவனைக் காணேல்லை. ஏதோ புடுங்குப்பாடு," என்பார். ஒரு வாரத்துக்குள் அந்தச் சண்டை ஒழுங்கையின் இரு பக்க வீடுகளுக்கும் தெரிந்துவிடும். செத்த வீட்டுக்குப் போய் வந்தால் தன் கொப்பியில் அந்தப் பெயருக்கு மேல் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போடுவார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் பேனை எடுப்பார்.

"ஏன் ஐயா இவ்வளவு நாள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வீட்டுச் சனத்தின்ரை மனம் ஆறவேணும் தம்பி. பேனையாலை வெட்டினா வெட்டினதுதான்."

இப்படிப்பட்டவரிடம் போய்த்தான் எங்கள் மெம்பர் வாயைக் கொடுத்தார்.

மெம்பர் என்றால் பிரதேச சபையில் எதிர்க்கட்சி உறுப்பினர். அவர் சபையில் எழும்பிப் பேசினால் சபையை நடத்துகிற தவிசாளர் தேத்தண்ணி குடிப்பார். பேசி முடிக்க, தவிசாளரும் கோப்பையை வைப்பார். இப்படியே மூன்று வருடம் போயிற்று. நாலாம் வருடம் கார்த்திகை மழையில் எங்கள் ஒழுங்கை மதகு அடைபட்டு, வீடுகளுக்குள் முழங்கால் அளவு வெள்ளம் வந்தது. மெம்பர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ளத்துக்குள் இறங்கி, கைபேசியைத் தூக்கிப் பிடித்து, நேரலையில் தவிசாளரைக் கிழிகிழியென்று கிழித்தார். பின்னேரம் ஆவதற்குள் அவருடைய பக்கம் பற்றி எரிந்தது. மழை விட்டதும் மெம்பர் விதானையாரின் வாசல் படலையடிக்கு வந்தார்.

"விதானையார், இப்ப எனக்குப் பின்னாலை இரண்டாயிரத்து நானூறு சனம்."

விதானையார் மெம்பருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரு நாய் நின்றது.

"எங்கை நிக்கினம்?"

"முகநூலிலை."

"அது எந்தப் பிரிவு?"

"பிரிவெண்டு இல்லை ஐயா. அது எல்லாருக்கும் பொது."

"பொதுவெண்டு ஒரு இடமும் இல்லை. ஒவ்வொரு மனுசனும் ஒரு வீட்டிலை இருப்பான். அந்த வீட்டுக்கு ஒரு இலக்கம் இருக்கும். உன்ரை ஆக்கள் ஆர், ஆம்பிளையோ பொம்பிளையோ, என்ன வயது, என்ன தொழில், உன்னிலை எவ்வளவு பற்று? உது ஒண்டும் தெரியாமல் நீ என்னெண்டு எலக்சன் கேக்கப்போறாய்?"

விதானையார் அன்றைக்கே சந்திக்குப் போய் இருநூறு பக்கச் சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கி வந்தார்.

அந்தக் கொப்பியில் அவருக்கு என்ன கிடந்தது என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஞாயிறு ஏழு பத்து என்பது அவருடைய மகள் வதனி கனடாவிலிருந்து கதைக்கிற நேரம். அவருடைய கைபேசியின் சத்தம் ஒழுங்கை முழுவதும் கேட்கும். வதனி எடுப்பது படம் தெரிகிற அழைப்பு. ஆனாலும் விதானையார் கைபேசியைக் காதில்தான் வைப்பார். அதனால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு கிழமையும் தகப்பனுடைய வலது காதைப் பார்த்துக்கொண்டுதான் அழும்.

"அப்பா, அம்மாவும் இல்லை. விழுந்து கிழுந்து போனா அங்கை ஆர் பாக்கிறது? விசா சரி. ரிக்கற் போடட்டோ?"

"வேலை கிடக்குப் பிள்ளை."

"என்னப்பா வேலை? பென்சன் எடுத்துப் பதினாலு வருசம்!"

"மெம்பரின்ரை ஆக்களை எண்ணுறன். இந்தமுறை அவன் வெல்லுவானோ மாட்டானோ எண்டு நான்தான் சொல்லவேணும்."

"சொல்லி?"

"என்ரை கணக்குச் சரிவந்தால் நான் இஞ்சை தேவைப்படுற ஆள். பேந்து நீ ரிக்கற் கதை எடுக்கப்படாது. பிழைச்சுதெண்டால் நீ சொல்லுற பிளேனிலை ஏறுறன்."

"சத்தியமோ அப்பா?"

"விதானை சொன்னாச் சொன்னதுதான்."

சத்தம் அடங்கியது. நான் பல் விளக்குவதை நிறுத்திவிட்டு வேலியடியில் நின்றதை இங்கே ஒளிக்கவில்லை. நாட்குறிப்பிலும் அப்படியே இருக்கிறது.

கணக்கெடுப்பு அவருடைய விறாந்தை மேசையில் தொடங்கியது. தினமும் பின்னேரம் நாலே கால் தொடக்கம் ஆறு வரை. நான் என் கைபேசியைப் பார்த்து வாசிப்பேன், அவர் எழுதுவார். தொடரிலக்கம், பெயர், வீட்டிலக்கம், பால், வயது, தொழில் எல்லாம் பழைய பழக்கம். கடைசி நிரல் மட்டும் அவருடைய புதுக் கண்டுபிடிப்பு. அதற்கு 'மனப்பாங்கு' என்று தலைப்புப் போட்டு நாலு தரம் வகுத்திருந்தார். "சிங்கம்", "விடாதேங்கோ அண்ணை" என்று எழுதியவர் கொதி. "நல்லது" என்று எழுதியவர் சூடு. பெருவிரலை மட்டும் காட்டிவிட்டுப் போனவர் இளஞ்சூடு. பக்கத்தில் சேர்ந்துவிட்டு ஒரு விரலும் அசைக்காதவர் ஆறல்.

முதல் நாளே சிக்கல்.

"தம்பி, உவன் ஏன் நெருப்புப் படம் போட்டிருக்கிறான்?"

"ஆதரவு ஐயா."

"ஆதரவெண்டால் ஏன் கொளுத்துறான்?"

அவர் 'கொதி' என்று எழுதி, பக்கத்தில் 'கவனிக்கவும்' என்றும் எழுதினார்.

வயதுக்கு முகப்படத்தைத்தான் நம்பவேண்டியிருந்தது. மூன்று பேர் முருகன் படம் வைத்திருந்தார்கள். விதானையார் 'வயது: சொல்ல இயலாது. நிரந்தர வதிவாளர்' என்று எழுதினார். ஒருவர் தன் கைக்குழந்தையின் படத்தை வைத்துக்கொண்டு தவிசாளரை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தார். 'ஒன்றரை வயது. வாக்கில்லை' என்று எழுதப்பட்டது.

"ஐயா, அது தகப்பன்ரை பக்கம். பிள்ளையின்ரை படம்."

"அப்ப தகப்பன் தன்ரை முகத்தைக் காட்டட்டும். பச்சைப் பிள்ளையை முன்னுக்கு விட்டிட்டுப் பின்னாலை நிண்டு கொதிக்கிறான்."

ஒரே சினிமா நடிகர் பதினொரு இடத்தில் வந்தார். "உவன் பதினொரு வீட்டிலை பதிஞ்சிருக்கிறான். என்ரை காலத்திலை உப்பிடி ஒண்டும் நடக்கேல்லை," என்று அவருக்கு உண்மையாகவே கவலை.

ஆனால் மேசையில் இருந்து எண்ணுகிறவர் அல்ல விதானையார். சந்தேகம் வந்தால் சைக்கிள் எடுத்துவிடுவார். 'நிலாமகள்' என்று ஒருத்தி, தவிசாளரைப் பற்றி அடுக்குமொழியில் நாளுக்கு நாலு பதிவு போடுவாள். எல்லாப் படத்திலும் பூ. ஒரேயொரு படத்தில் பூவுக்குப் பின்னால் ஒரு படலையின் கால்வாசி தெரிந்தது. விதானையாருக்கு அது போதும். முகம் மறந்தாலும் படலை மறக்கமாட்டார். "உது உடுவில். பெண்கள் கல்லூரிக்குப் பின்பக்கம் மூண்டாவது வீடு," என்றார். எனக்கு அன்றைக்கு லீவு. இரண்டு சைக்கிளிலும் போனோம்.

படலையைத் திறந்தவருக்கு மீசை இரண்டு கன்னத்தையும் தொட்டது. கையெல்லாம் சீமெந்து.

"தம்பி, இஞ்சை நிலாமகள் எண்டு ஆரும் இருக்கினமோ?"

அந்த மேசன் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துவிட்டு, படலையை இழுத்துச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"ஐயா, மெல்லக் கதையுங்கோ. மனிசி நிக்கிறாள்."

"பால் எண்ட இடத்திலை என்ன போட?"

"ஆண் எண்டு போடுங்கோ. பேரை மட்டும் போடாதேங்கோ."

"ஏன் ராசா உந்த வேசம்?"

"தவிசாளரின்ரை மதில் வேலை இப்ப நான்தான் செய்யிறன் ஐயா. பகலிலை அவருக்குக் கல்லடுக்கி, பின்னேரம் அவருக்குக் கல்லெறியிறன். சொந்தப் பேரிலை எறியேலுமோ?"

விதானையார் கொப்பியைத் திறந்து, 'ஆண். நாற்பது. மேசன். கொதி, ஆனால் மறைவில்' என்று எழுதினார். மதில் நேராக வருகிறதா என்றும் விசாரித்தார்.

'கடல்ராசா' கொழும்புத்துறையில் இருந்தார். மெம்பர் எதைப் போட்டாலும் முதல் ஆளாய்ப் பெருவிரல் காட்டுகிறவர். கரையோரம் வலை காயப்போட்டிருந்த ஒரு வீட்டுக்குப் போய் விசாரித்தால், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எழுபது வயது மதலேனம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் மோனை. பேரன் போட்டுத் தந்த பேர்," என்றார்.

"எங்கடை மெம்பரை உங்களுக்கு நல்ல விருப்பமோ அம்மா?"

"எந்த மெம்பர்?"

"நீங்கள் அவருக்கு நூறு தரத்துக்கு மேலை விருப்பம் போட்டிருக்கிறியள்."

"நான் எல்லாருக்கும் போடுவன் ராசா. பூசையிலை ஆமென் சொல்லுறதில்லையோ, அதுமாதிரி. போடாட்டிக் குறை நினைப்பினமெல்லோ?"

தவிசாளருக்கும் போட்டிருந்தார். செத்த வீட்டு அறிவித்தலுக்கும் போட்டிருந்தார். அவருடைய வீடு எங்கள் வட்டாரமே இல்லை. ஆகவே கணக்கிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் மதலேனம்மா இரண்டு விளைமீனை ஓலையில் சுற்றித் தந்தார். திரும்பி வரும் வழியில் விதானையார் சைக்கிளை நிற்பாட்டி, மனப்பாங்கு நிரலில் ஐந்தாவது தரம் ஒன்றைச் சேர்த்தார்: 'ஆமென்'. அதற்குப் பிறகு கொப்பியில் எனக்குத் தெரிந்த பலர் அந்தத் தரத்துக்கு இறக்கப்பட்டார்கள். நானும் ஒருவன்.

இப்படி வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்த கணக்கில் ஒரு நாள் ஆறாம் இலக்க வீடு வந்தது.

"சுதாகரன் நடராசா," என்று வாசித்தேன்.

விதானையார் கண்ணை மூடினார். "ஆறாம் இலக்கம். கமலாக்காவின்ரை மூத்தவன். வாக்காளர் இடாப்பிலை பேர் இருக்கு. மனப்பாங்கு?"

"கொதி. 'சபையைக் கலை' எண்டு எழுதியிருக்கிறார்."

"போடு."

"ஐயா, சுதாகரன் பிரான்சிலையெல்லோ? பதினெட்டு வருசம்."

"தற்காலிகமா வெளியிலை."

இந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வருடா வருடம் வாக்காளர் இடாப்புக்குப் படிவம் வரும். வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை நிரப்ப வேண்டும்; இல்லாதவர்களை வெட்ட வேண்டும். விதானையார் படிவத்தோடு போனால் ஒவ்வொரு படலையிலும் ஒரு தாய் நிற்பார். "பேரை வெட்டிப்போடாதேங்கோ விதானையார். பேர் கிடந்தா வருவான்." இவர் அந்தப் பெயருக்கு எதிரே 'தற்காலிகமாக வெளியே' என்று எழுதிவிட்டு அடுத்த படலைக்குப் போவார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் ஒழுங்கைத் தாய்மார் அந்த வாசகத்தைக் கைவிடவில்லை. ஆகவே எங்கள் வட்டாரம் இடாப்பில் ஒரு பட்டினம். நேரில் பார்த்தால் ஒரு ஒழுங்கையும் நாலு கிழவர்களும்.

"அது பொய்யெல்லோ ஐயா?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன். நேரம் குறிக்கிறவன் வேறெப்படிக் கேட்பான்?

"பொய்யில்லைத் தம்பி. தாய் படலையிலை நிண்டு வருவான் எண்டு சொல்லேக்கை, வரமாட்டான் எண்டு எழுத என்னட்டை என்ன அத்தாட்சி கிடக்கு?"

நான் விடவில்லை. என் நாட்குறிப்பை எடுத்து வந்து காட்டினேன். மெம்பரின் பதிவுகளுக்கு விருப்பங்கள் விழும் நேரத்தை நான் நாள்தோறும் குறித்திருந்தேன். அநேகமாக எல்லாம் விடியற்காலை நாலு பத்துக்கும் ஏழரைக்கும் இடையில்.

"பாத்தியோ! வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாற எழும்புற பெடியள்."

"ஐயா, அந்த நேரம் கனடாவிலை பின்னேரம்."

அவர் பேனையை வைத்துவிட்டுக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். எங்கள் ஒழுங்கையில் உண்மையாக இருக்கிறவர்களுக்கு எதிரே ஆறல், ஆறல், ஆமென் என்று கிடந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் இளஞ்சூடு. லண்டன் சூடு. நோர்வேயும் கனடாவும் அவுஸ்திரேலியாவும் தளதளவென்று கொதி.

"தூரம் கூடக் கூடக் கொதியும் கூடுது. ஏன் தம்பி?"

"தெரியாது ஐயா."

"காலிலை தண்ணி பட்டவன் வாளியாலை அள்ளி ஊத்திக்கொண்டு நிக்கிறான். படாதவனுக்குத்தான் எழுத நேரம் கிடக்கு," என்றவர், உடனேயே தன்னைத் தேற்றிக்கொண்டார். "அதாலை என்ன? போன வருசம் கோயில் தேருக்கு எத்தினை பேர் வந்தவங்கள்? நான் எண்ணினன். வடம் பிடிக்க வாறவன் வாக்குப்போட வரமாட்டானோ? எல்லாரும் வாறம் எண்டுதானே எழுதியிருக்கிறாங்கள்."

இன்னும் வாதாடியிருப்பேன். ஆனால் புரட்டிய பக்கத்தில் அவருடைய சொந்த வீடு, பதினாலாம் இலக்கம், திறந்து கிடந்தது. அவருடைய பெயருக்குக் கீழே: 'வதனி. பெண். 46. தாதி. இளஞ்சூடு.' வதனி போய்ப் பத்தொன்பது வருடம். நான் அடுத்த பெயரை வாசித்தேன்.

முடிவு: மெம்பருக்கு எங்கள் வட்டாரத்தில் இருநூற்று நாற்பத்தாறு வாக்கு. வெற்றி நிச்சயம். விதானையார் கையெழுத்து வைத்தார். அன்றைக்கு என் நாட்குறிப்பில் நான் எழுதிய தொகை வேறு. ஊரில் இருக்கிறவர்கள், வாக்குள்ளவர்கள், ஒருமுறையாவது பெருவிரல் காட்டியவர்கள், ஆமென் நீங்கலாக: பத்தொன்பது பேர். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

தேர்தலன்று எனக்குக் காலை வேலை. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு விதானையார் வெள்ளைச் சேட்டும் கொப்பியுமாகப் பஸ் நிலையத்துக்கு வந்து நின்றார்.

"கொழும்பு பஸ் எத்தினை வரோணும் தம்பி?"

"ஆறு ஐயா. முதல் பஸ் ஐந்து இருபதுக்கு."

ஒவ்வொரு பஸ்சின் வாசலிலும் போய் நின்றார். முதல் பஸ்சில் பல்கலைக்கழகப் பிள்ளைகள். இரண்டாவதில் ஒரு வியாபாரியும் நாலு கூடை றம்புட்டானும். மூன்றாவதில், பெட்டி இழுத்துக்கொண்டு, தடித்த குளிர்ச்சட்டையோடு ஒருவர் இறங்கினார். விதானையாரின் முகம் மலர்ந்தது.

"வந்திட்டான்! எண்பத்தெட்டாம் தொடரிலக்கம். நோர்வே. கொதி!" ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தார். "எனக்குத் தெரியும் ராசா, நீ வருவாய் எண்டு. வா, நேரை பள்ளிக்கூடத்துக்குப் போவம்."

"பள்ளிக்கூடத்துக்கோ? ஏன் விதானையார்?"

"வாக்குப்போட!"

"எலக்சனோ? இண்டைக்கோ?" அந்த மனிதர் திடுக்கிட்டுப்போனார். "அப்ப காணிக் கந்தோர் பூட்டோ? நான் வீட்டு வளவை விக்கிற அலுவலா வந்தனான்."

கடைசிப் பஸ் எட்டு நாற்பதுக்கு வந்து வெறுமையானது. விதானையார் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன்.

"பஸ் எல்லாம் நேரத்துக்கு வந்ததோ தம்பி?"

"ஓம் ஐயா. ஒண்டு இரண்டு நிமிசம் முந்தியும் வந்தது."

"அப்ப பஸ்சிலை பிழையில்லை," என்றார்.

மெம்பர் வாக்குப் போட்டுவிட்டு, மை பூசிய சின்ன விரலைப் படம் எடுத்துப் பக்கத்தில் போட்டார். எண்பத்தெட்டாம் இலக்கத்தைத் தவிர, விதானையார் கொப்பியிலிருந்த அத்தனை கொதியும் அதற்கு நெருப்புப் படம் போட்டது.

மறுநாள் காலை முடிவு தெரிந்தது. வென்றவருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. மெம்பருக்கு நூற்று முப்பத்தொன்று. விறாந்தையில் கொப்பியை மூடி வைத்துக்கொண்டு இருந்த மனிதரிடம் நான் என் பத்தொன்பதை ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அப்ப நீயும் பிழை," என்றார் உடனே.

"ஓம் ஐயா."

"மிச்சம் நூற்றிப் பன்னிரண்டு பேர் ஆர்?"

அவர் எழும்பிச் சேட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினார்; நானும் பின்னால் போனேன். ஒன்பதாம் இலக்கத்தில், படலையடியைக் கூட்டிக்கொண்டு பார்வதியக்கா நின்றார். கார்த்திகையில் மதகு வெள்ளம் முதலில் புகுந்தது அவருடைய வீட்டுக்குள்தான்.

"பார்வதி, நீ ஆருக்குப் போட்டனி?"

"மெம்பருக்குத்தான். வேறை ஆருக்கு?"

"உன்ரை பேரை நான் அவன்ரை பக்கத்திலை காணேல்லையே!"

"எனக்கு உந்தப் பக்கம் கிக்கமெல்லாம் தெரியாது விதானையார். அண்டைக்கு வெள்ளத்துக்குள்ளை நிண்டு கத்தினதுக்குப் பிறகு, போனைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டு, என்ரை அரிசி மூட்டையைத் தோளிலை தூக்கித் தந்தவன். நான் போட்டன். அங்காலை எட்டாம் இலக்கமும் போட்டது, ஏழும் போட்டது."

"ஏன் எனக்கு ஒருதரும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. இந்தமுறை போனுக்குள்ளையெல்லோ தேடினியள்."

முப்பத்திரண்டு வருடம் படலை படலையாகப் போன மனிதர் அந்தப் படலையில் அப்படியே நின்றார். பார்வதியக்கா பயந்துபோய்க் கூட்டுமாற்றை வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்.

அடுத்த ஞாயிறு, காலை ஏழு பத்து. நான் வேலியடியில்தான் நின்றேன். அன்றைக்கு அவர் கைபேசியைக் காதில் வைக்கவில்லை. முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அப்பா!" என்றது வதனியின் குரல். "என்னப்பா இப்பிடி மெலிஞ்சு போனியள்?"

"பிள்ளை, ரிக்கற் போடு."

போகிற அன்று சாவிக் கோர்வையும் சி.ஆர். கொப்பியும் என் கையில் வந்தன. சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு வந்து என் வீட்டுச் சுவரில் சாத்தினார். "காத்துப் போக விடாதை தம்பி. ரியூப் ஒட்டிப்போடும்," என்றார். வாசலில் நின்ற வாடகை வாகனத்தில் ஏறினார். நேரம் ஒன்று ஐம்பது.

இது நடந்து ஐந்து மாதம். இப்போது, தோற்றும் பெயர் மாறாத மெம்பரின் பக்கத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். முகப்படத்தில் முகம் இல்லை. ஒரு வலது காது. அதை எனக்குப் பக்கவாட்டில் மட்டுமல்ல, எப்படிப் பார்த்தாலும் தெரியும். அந்தக் காது காலை ஐந்தரைக்கு முன்பே வந்துவிடும். "மெம்பர், விடாதை! தவிசாளர் பதவி விலக வேணும்! சபையைக் கலை!" என்று எழுதும். கீழே மூன்று நெருப்பு. நான் கொப்பியை எடுத்து, கடைசிப் பக்கத்தில் அவர் கணக்கை முடித்துக் கீறிய கோட்டுக்குக் கீழே எழுதினேன்: 'தொடரிலக்கம் 247. ஆண். 74. விதானை. கொதி.'

போன கிழமை வாக்காளர் இடாப்புப் படிவம் வந்தது. இப்போதைய புது விதானை ஒரு இளம் பெண். மிகவும் ஒழுங்கு, எனக்குப் பிடித்த பிள்ளை. பதினாலாம் இலக்கப் படலை பூட்டியிருந்ததால் என்னிடம் வந்தார்.

"அண்ணை, பக்கத்து வீட்டிலை ஆரும் இல்லைத்தானே? ஐயாவின்ரை பேரை வெட்டட்டோ?"

இருபத்தாறு வருடமாக ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவன் நான். பேனை அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது, பென்சில் அல்ல.

"வெட்டாதேங்கோ பிள்ளை. தற்காலிகமா வெளியிலை."

"எப்ப வருவார்?"

"தேருக்கு."

"அத்தாட்சி ஏதும் கிடக்கோ அண்ணை?"

சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைக் காட்டினேன். அந்தப் பிள்ளை கிட்டப் போய், முன் சில்லைப் பெருவிரலால் ஒருதரம் அமர்த்திப் பார்த்தார். பின் சில்லையும் பார்த்தார். இரண்டும் கல் மாதிரி இருந்தன. படிவத்தில் இரண்டு சொல் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில், காலை ஏழு பத்துக்கு, நான் காற்றடிக்கிறேன்.